புகைக்கொட்டகைப் பெரட்டு

குரலை வைத்து ஆளைச் சொல்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பதினேழு வருஷம் விடியுமுன் எழ வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி அருளம்பலம் என்கிற நான் சாதாரண மனிதன்.

பாலத்தடித் தோட்டத்தில் பெரட்டு காலை ஐந்தரைக்கு. உங்களுக்கு அது தெரியும், இன்ஸ்பெக்டர் துரைசிங்கம். உங்கள் பக்கத்தில் இருந்து எழுதுகிறவர் பட்டணத்து மனிதர் போலிருக்கிறது, அவருக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் சனங்கள் எல்லாரும் ஆபீசு முற்றத்தில் வந்து நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியாகிய நான் பேரைக் கூப்பிடுவேன். ஆள் 'இருக்கேன் சாமி' என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஜெராய் மலையே கண்ணுக்குத் தெரியாது, மனித முகம் எங்கே தெரியும். என் லாந்தர் என் தாளுக்கு மட்டும்தான் வெளிச்சம் தரும். அந்த இருட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் நான் குரலால் அறிவேன். கள் குடித்த குரல், பெண்சாதியோடு சண்டை போட்ட குரல், பிள்ளை பிறந்த குரல், எல்லாம் தெரியும். தோட்டத்து மானேஜர் துரை ஒருமுறை தன் நண்பர்களைக் கூட்டி வந்து என் கண்ணைக் கட்டி, ஐம்பது பேரை வரிசை மாற்றி நிறுத்திப் பந்தயம் வைத்தார். ஐம்பதும் சரியாகச் சொன்னேன். ஒரு நண்பர் எனக்குச் சுருட்டு கொடுத்தார். நான் புகைப்பதில்லை, இன்னும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: எந்த நாளில் உமக்குத் தெரியும்? வருகிறேன். நேராக அங்கே போய்விட்டால் நான் செய்த காரியத்தின் ஒழுங்கு உங்களுக்குப் புரியாமல் போய்விடும்.

காய்ச்சல் இந்த அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. கப்பலில் வந்தது என்றார்கள், பீடோங் சந்தையில் வந்தது என்றார்கள், வெள்ளைக்காரன் சண்டையின் விஷக்காற்று என்றார்கள். ஒரு வாரத்தில் பெரட்டில் நானூற்றுச் சொச்சம் குரல் நூற்றெழுபதாகக் குறைந்தது. யான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டிய அரிசி வரவில்லை, அங்கே வண்டி ஓட்ட ஆள் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து கொடுத்துக்கொண்டே இறந்துபோனார். துரை உடல்நிலை காரணமாகப் பினாங்கு மலைக்குப் போனார். அவருடைய உடல்நிலை மிக நன்றாக இருந்தது, அதைக் காப்பாற்றத்தான் போனார்.

பெரியவர்கள் படுத்துவிட்டால் பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள். கொள்ளைநோயின் மெய்யான ஆபத்து இதுதான் என்பது என் கருத்து. இதை யாரும் எழுதவில்லை, நான் எழுதியிருக்கிறேன். 'கொள்ளைநோய்க் காலத்தில் இளங்குற்றவாளிகளைப் பராமரிக்கும் பாலத்தடி முறை', பதினோரு பக்கம். உங்கள் கோப்பில் ஒரு பிரதி இருக்கும். கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் இளங்குற்றவாளிகள் நன்னடத்தைக் குழு என்று ஒன்று உண்டு. துரை தலைவர், டிரெசர் உறுப்பினர், நான் கௌரவச் செயலாளர். தலைவர் மலையில், உறுப்பினர் மண்ணில். ஆனாலும் குழு ஒரு நாளும் தடைப்படவில்லை. ஒருவர் வந்தாலே கூட்டம் செல்லும் என்று அந்த ஒருவர் கூடித் தீர்மானம் நிறைவேற்றினார்.

இப்போது அழகேசன் விஷயம். பன்னிரண்டு வயது. தகப்பன் ராமையா நல்ல வெட்டுக்காரன். எங்கள் தோட்டத்தில் ஒரு விதி: மூன்று நாள் தொடர்ந்து பெரட்டில் பேர் தவறினால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தன் அறையைக் காலி செய்ய வேண்டும். காய்ச்சல் வந்த பிறகும் அந்த விதி இருந்தது. விதிக்குக் காய்ச்சல் வருவதில்லை. ராமையா படுத்த இரண்டாம் நாள் நான் 'ராமையா' என்று கூப்பிட்டேன். 'இருக்கேன் சாமி' என்று பதில் வந்தது. தொண்டையை இறுக்கி, கீழே இறக்கிச் சொன்ன குரல். பையன் குரல். உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டேன். ஒரு தடவை சொன்னால் பிழை என்பான், மூன்று தடவை சொன்னால் வழக்கு. குற்றத்தைப் பழுக்க விட்டுப் பறிப்பது என் பழக்கம். மறுபடியும் மறுபடியும் நீங்கள் இதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன். மூன்றாம் தடவை லாந்தரைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். தகப்பனுடைய தலைப்பாகையைக் கட்டியிருந்தான். அது மூக்குவரை இறங்கியிருந்தது.

ஆள்மாறாட்டம் என்பது பெரிய குற்றம். அவனோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். சடையன், பதின்மூன்று வயது, துரை பங்களாவுக்குள் புகுந்து அரை போத்தல் யூகலிப்டஸ் எண்ணெய் எடுத்தவன். தாய்க்கு நெஞ்சில் தேய்க்க என்றான். காத்தான், பதினொன்று, தடுப்புக் கயிற்றைத் தாண்டிச் சிடாம் பக்கத்தில் கட்டிக் கொடுத்த அக்காளிடம் அப்பன் செத்ததைச் சொல்லப் போனவன். பிச்சைமுத்து, ஒன்பது வயது, மூன்று பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற உத்தரவை மீறி விளையாடியவன். கூடியவர்களில் மற்றவர்கள் ஓடிவிட்டபடியால், கூட்டமாக அவன் ஒருவன் மட்டும் பிடிபட்டான்.

விசாரணை அக்டோபர் பதினாலு, திங்கட்கிழமை. மாஜிஸ்திரேட்டுத் துரை தோட்டத்துக்குள் வர மறுத்தார். பட்டணத்து லாக்கப்பில் காய்ச்சல், ஆகவே பையன்களை அங்கே கொண்டுபோகவும் முடியாது. நான்தான் வழி சொன்னேன். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் குடையின் கீழ் நாற்காலி போட்டு, மூக்கில் கைக்குட்டை கட்டி உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பையன்கள் நின்றார்கள். பாலத்தின் நடுவில் நான், மொழிபெயர்ப்பாளன். மலையில் மழை பெய்து ஆறு நுரை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கூவினால்தான் கேட்கும்.

அழகேசன் நிறையப் பேசினான். "சாமி, எங்கப்பா ஒடம்பு அனலாக் கெடக்கு. அவரு நெரையில மூணு நாளும் நாந்தேன் வெட்டினேன். ஒரு மரம் விடல. காயம் படாம வெட்டியிருக்கேனான்னு வந்து பாருங்க. பேரு அவரோடது, வேல நாஞ் செஞ்சது. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்" என்று இங்கிலீஷில் கூவினேன்.

மாஜிஸ்திரேட்டு கையை உயர்த்தி மெச்சினார். பிச்சைமுத்து, "நான் ஒத்தையாத்தான் சாமி வெளாண்டேன்" என்றான். அவனும் ஒப்புக்கொள்கிறான் என்று கூவினேன். என் தொண்டையையும் நான் பார்க்க வேண்டியிருந்தது. நாலு வழக்கும் பத்து நிமிஷத்தில் முடிந்தன. ஆளுக்கு ஏழு நாள் காவல், நன்னடத்தைக் குழுவின் பொறுப்பில். விடுதலைக்கு மாஜிஸ்திரேட்டு கையெழுத்திட்ட உத்தரவு வேண்டும். நீதி இவ்வளவு சுத்தமான காற்றில் நடந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

காவலுக்குப் புகைக்கொட்டகையைத் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகை. புதிதாகப் பால் இல்லாமல், முன்பு காய்ந்த சில ஷீட்டுகளோடு சும்மா கிடந்தது. ஜன்னல் கிடையாது. தரையோடு தரையாக ஒரு காற்றுத் துளை, ஒரு தேங்காய்ச் சிரட்டை நுழையும் அளவு. நோய் உள்ளே நுழைய வழியே இல்லாத இடம் என்று என் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். காய்ச்சல்காரத் தகப்பனுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்த பையன் அன்று உள்ளே போனான் என்று நீங்கள் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். நியாயமான குறிப்பு. இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் முறையின் உயிர் எதுவென்றால், தூரப் பெரட்டு. காலை ஏழு மணிக்கு, லயத்துப் பெரட்டு முடிந்தபின், கொட்டகையிலிருந்து நாற்பது அடியில் நாற்காலி போட்டு உட்கார்வேன். நாலு பேரையும் கூப்பிடுவேன். உள்ளேயிருந்து நாலு 'இருக்கேன் சாமி' வரும். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை, பார்க்க வேண்டியதில்லை, கதவைத் திறக்க வேண்டியதில்லை. பிறகு தோட்டத்து ஜாகா, மாட் என்கிற மலாய்க்காரக் காவல்காரன், நாலு முழ மூங்கில் கழியால் நாலு சிரட்டை கஞ்சியும் நாலு சிரட்டை தண்ணீரும் துளைக்குள் தள்ளுவான். நான் 'நால்வரும் நலம்' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்புவேன். பட்டணத்தில் காவலில் இருந்த சிறுவர்கள் பதினொரு பேர் இறந்த வாரம் அது. என் கணக்கில் ஒன்றும் இல்லை.

செவ்வாய், புதன், நாலு குரல். சடையன் குரல் தடிப்பு, மீசை முளைக்கிற குரல். காத்தான் மூக்கால் பேசுவான். பிச்சைமுத்துவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது, 'சாமி' என்பது காற்றாக வரும். அழகேசன் குரலில் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை, சாதாரணக் குரல்.

பதினேழு, வியாழக்கிழமை, சடையன் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

துளையின் வழியாக அழகேசன் பேசினான். "சாமி, சடையன் எந்திரிக்க மாட்டேங்கறான். ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. தண்ணி தண்ணிங்கறான். கதவத் தொறந்து அவன மட்டும் வெளிய எடுத்துருங்க சாமி, நாங்க இங்கனயே இருக்கோம், ஓட மாட்டோம்."

கோரிக்கை மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் கோரிக்கை வைக்கக் குழுவுக்கு மனு எழுத வேண்டும், உள்ளே தாள் இல்லை. நான் விதியைச் சொன்னேன். பேர் கூப்பிடும்போது பதில் சொல்லாதவன் ஓடிப்போனவன் என்று எழுதப்படும். ஓடிப்போனவனுடைய குடும்பத்துக்கு லயத்தில் இடம் கிடையாது. அமைதியாக, இரண்டு தடவை சொன்னேன். சடையனுடைய தாய் காய்ச்சலில் இருந்து அன்றுதான் எழுந்திருந்தாள், கையில் பால்குடிப் பிள்ளை. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு அழகேசன், "நாளைக்கிச் சொல்லுவான் சாமி" என்றான்.

மறுநாள் சடையன் சொன்னான். தடிப்பான குரல், இருக்கேன் சாமி. சனிக்கிழமை காத்தான் மூக்கால் சொன்னான், கொஞ்சம் அதிகமாக மூக்கால். ஞாயிற்றுக்கிழமை பிச்சைமுத்து காற்றோடு சொன்னான். நாலு பேர், நாலு பதில், ஒழுங்கு குலையவில்லை.

அந்தச் சனிக்கிழமை என் மனைவி சிவபாக்கியம் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. எங்கள் வீடு கொட்டகைக்கு எதிரே.

"இஞ்சாருங்கோ, நாலு பேரைக் கூப்பிடுறியள். ரெண்டு பெடியங்கள்தானே மறுமொழி சொல்லுறாங்கள்?"

"நீர் உள்ளுக்குப் போம்" என்றேன். "இது பெரட்டு."

"உங்களுக்குக் கேக்கேல்லையோ? காதுக்குப் பேர்போன மனிசன் எல்லோ நீங்கள்."

"எனக்கு என்ன கேக்குதெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப கதவைத் திறவுங்கோ."

"திறக்கிறதுக்கு உத்தரவு வரவேணும் சிவபாக்கியம். உமக்கு அலுவல் விளங்காது."

அவ போய்விட்டா. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காருவதில்லை. அதற்கும் தூரம் நல்லதுதான்.

கொட்டகையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்று கேட்கத் தாய்மாருக்கு அனுமதி கொடுத்திருந்தேன். கட்டுரையில் இது மூன்றாம் சிறப்பம்சம்: பெற்றோருக்கு மன ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை சடையனுடைய தாய் பதிலைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "சாமி, எம்புள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்கு. கொரலே மாறிப்போச்சு. இந்தச் சுக்கையும் கருப்பட்டியையும் கஞ்சியோட அனுப்புங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

சரியாகிவிடும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். எனக்கு அன்று தலைவலி. சுக்கு நல்ல சரக்காக இருந்தது.

அன்றைக்கே நாலு சிரட்டையில் மூன்று கஞ்சி குறையாமல் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் நக்கித் துடைத்தது போல இருந்தது. அரிசி தட்டுப்பாடான காலம், துரைசிங்கம். பீடோங்கில் கடைக்காரன் கதவையே திறப்பதில்லை. மறுநாளிலிருந்து ஒரு சிரட்டை போதும் என்று ஜாகா மாட்டிடம் சொன்னேன். தண்ணீரும் ஒன்று. நாலு பேருக்கு ஒரு சிரட்டையா என்று நீங்கள் கேட்டீர்கள். சாப்பிடுகிற ஒருவனுக்கு ஒரு சிரட்டை. கணக்கில் பிழை இல்லை.

இருபத்தொன்று, திங்கட்கிழமை, ஏழு நாள் முடிந்தது. உத்தரவு வரவில்லை. மாஜிஸ்திரேட்டுத் துரையும் படுத்துவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கமும் காய்ச்சல் இருந்திருக்கிறது. உத்தரவுக்குப் பதில் வேறொரு கடிதம் வந்தது. ஜில்லாத் துரை என் தினசரி அறிக்கைகளைப் படித்து மகிழ்ந்திருந்தார். ஒரு மரணமும் இல்லாத காவல் இந்த ஜில்லாவிலேயே இது ஒன்றுதான், வியாழக்கிழமை நேரில் வந்து முறையைப் பார்வையிடுவேன், மற்றத் தோட்டங்களுக்கும் பரிந்துரைப்பேன் என்று எழுதியிருந்தார். நான் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. சட்டத்துக்கு அளவு மட்டும் எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாட் கழியைக் கீழே போட்டான். "சுடா பாவ், கிராணி" என்றான், நாற்றம் எடுத்துவிட்டது என்று. அதோடு வேலைக்கு வரவில்லை. அன்றுமுதல் கஞ்சியை நானே தள்ளினேன். புதன்கிழமை நாற்காலியைக் காற்றுக்கு மேல்பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஜில்லாத் துரை மோட்டாரில் வந்தார், கொட்டகையிலிருந்து எண்பது அடியில் நிறுத்தச் சொன்னார். நாற்பது அடி போதும் என்பதுதான் என் கண்டுபிடிப்பு, ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை. அன்று அழகேசன் மிக நன்றாகச் சொன்னான். சடையனுக்கு ஒரு சிறு இருமலைக்கூடச் சேர்த்தான். பிச்சைமுத்துவின் பல் விழுந்த காற்று அச்சாக வந்தது. வேறொருவனாக இருந்தால் ஏமாந்திருப்பான். ஒவ்வொரு பதிலுக்கும் ஜில்லாத் துரை கைக்குட்டைக்குள்ளிருந்து 'குட்' என்றார். கதவைத் திறந்து காட்டு என்று அவர் கேட்கவில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மோட்டார் போகும்போது எனக்குத் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். பதினேழு வருஷத்தில் அது முதல் தொப்பி.

இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை, ராமையா எழுந்து வந்தான். எலும்பும் தோலுமாக, பால்கத்தியைக் கோலாக ஊன்றிக்கொண்டு. மகன் எங்கே என்று லயத்தில் கேட்டிருக்கிறான், சொல்லியிருக்கிறார்கள். கயிற்றுக்கு அப்பால், தாய்மார்களோடு நின்றான். நான் கூப்பிட்டேன். அழகேசன். இருக்கேன் சாமி. சடையன். இருக்கேன் சாமி. சடையனுடைய தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காத்தான். இருக்கேன் சாமி. பிச்சைமுத்து. இருக்கேன் சாமி.

ராமையா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"சாமி," என்றான், "நாலும் எம்மவன்."

"ராமையா, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போ" என்றேன்.

"நாலும் எம்மவன் கொரலு சாமி. மத்த புள்ளைக எங்க?"

நான் விதியைச் சொல்லத் தொடங்கினேன். அவன் நிற்கவில்லை. எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனிதன் பூட்டைக் கல்லால் அடித்தான், பதினொரு அடி. எண்ணிக்கொண்டேன், ஏனென்றால் அது தோட்டத்துப் பூட்டு.

உள்ளே என்ன இருந்தது என்பதை டாக்டர் எழுதியிருக்கிறார், அவர் இங்கிலீஷ் நன்றாகவே இருக்கிறது. மூன்று பேரும் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மேலும் ஒரு ரப்பர் ஷீட், போர்வை போல, கழுத்துவரை. முதல்தர ஷீட், மூன்றும் வீண். அழகேசன் துளைக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கிடந்தான். கதவு திறந்து வெளிச்சம் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டே 'இருக்கேன் சாமி' என்றான். நான் யார் பேரையும் கூப்பிடவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தாய் என்று நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டபோது, 'பேரு தவறுனா அவுங்க அம்மாமாரத் தொரத்திருவாங்கல்ல' என்று சொன்னானாம். உங்கள் குறிப்பில் அந்த வரிக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டிருக்கிறீர்கள். தாள் வீணாகிறது.

நான் என் கடமையைச் செய்தேன். மறுநாளே குற்றப்பத்திரம் எழுதினேன். ராமையா மேல் பூட்டு உடைத்தது. அழகேசன் மேல் ஆள்மாறாட்டம், இரண்டாம் முறை. சடையன் பேரில் எட்டு நாள், காத்தான் பேரில் ஏழு நாள், பிச்சைமுத்து பேரில் ஆறு நாள். ஆக இருபத்தொரு தடவை. இருபத்தொரு தடவை செய்த பையனை இந்த ஜில்லா பார்த்திருக்காது. பழுக்க விட்டதின் பலன்.

அந்தத் தாளை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். நாம் இரண்டு பேரும் ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்கள் என்றபடியால் எழுதுகிறவரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு எனக்கு ஒரு வழி சொன்னீர்கள். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். வழி இதுதான். பையன் கெட்டிக்காரத்தனமாக நடித்தான், அருளம்பலம் ஏமாந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது கவலையீனம் மட்டும். வேலை போகலாம், வேறொன்றும் வராது. பையன்தான் குற்றவாளி, மூன்று வருஷம் சீர்திருத்தப் பள்ளிக்குப் போவான். அப்படி இல்லாமல் எனக்குத் தெரியும் என்று சொன்னால், யாரும் ஏமாறாத இடத்தில் ஏமாற்று இல்லை; பையன் தகப்பனோடு வீட்டுக்குப் போவான். என் மேல் வரும் வழக்குக்குப் பெயர் வேறு. சடையன் இறந்தது ஞாயிறு பகல், காத்தான் திங்கள், பிச்சைமுத்து புதன்கிழமை என்கிறார் டாக்டர். ஆகவே எந்த நாளில் தெரியும் என்பதுதான் எல்லாம்.

இரண்டு நாள் யோசிக்கத் தந்தீர்கள். யோசித்தேன். மனைவியிடமும் கேட்டேன், அவ என் வேட்டி சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தா.

ஏமாந்தேன் என்று எழுதலாம். ஆனால் யார் எழுதுவது? ஐம்பது பேரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்ன மனிதனா? பல் விழுந்த ஒன்பது வயதுக் குரலைப் பன்னிரண்டு வயதுப் பையன் செய்தால் பாலத்தடிக் கிராணிக்குத் தெரியாது என்று நாளைக்குப் பீடோங் முழுக்கப் பேசுவார்கள். பால்வெட்டுக்காரன் ராமையாவுக்கு ஒரே காலையில் கேட்டது, அடுப்படியில் நிற்கிற சிவபாக்கியத்துக்குக் கேட்டது, அருளம்பலத்துக்கு எட்டு நாளாகக் கேட்கவில்லை என்பார்கள். அந்த வாக்கியத்துக்குக் கீழே என் பேர் வர முடியாது.

எழுதுகிறவரை இதைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. 'சடையன்' என்று கூப்பிட்டேன், பதில் வந்தது, அது அழகேசன் குரல் என்று அந்தச் சொல் முடியுமுன்பே எனக்குத் தெரியும். மறுநாள் காத்தான் பேரிலும், அதற்கு மறுநாள் பிச்சைமுத்து பேரிலும் அப்படியே. வெள்ளிக்கிழமை அன்று மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள் என்பதும் தெரியும். சடையன் முனகுவது நாற்பது அடிக்கும் கேட்டது. சாவி என் இடுப்பில் இருந்தது. இருபத்தொரு தடவையும் தெரியும். ஒன்றுகூடத் தவறவில்லை.

கையெழுத்து இங்கேதானே? சரி.

பையனை விட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன், அது உங்கள் சட்டம். போகுமுன் அவனிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். கிராணியை ஏமாற்றிவிட்டதாக அவன் லயத்தில் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது.